சுடுதண்ணி ஊத்திட்டுத் தட்டு

பாய்,

இன்று காலை உன் கெட்டில் எரிந்துவிட்டது.

உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துச் செல்வி ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கப் பெட்டிகளைப் பிரிக்கப் போயிருக்கிறாள். நான் குடோன் வாசலில் லாரி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முதலில் வாடைதான் வந்தது. நம்மூர் போர் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி, நீ வருடக்கணக்கில் சுரண்டாமல் விட்ட வெள்ளைப் பொருக்கு கருகுகிற வாடை. அதன் பின்னாலேயே பிளாஸ்டிக் வாடை. ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன். கைப்பிடி உருகி ஒரு பக்கமாகத் தொங்கியது.

"அண்ணே, பாயோட கெட்டிலுண்ணே..." என்று செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"வுடும்மா. பொருளுதானே. வேற வாங்கிக்கலாம்."

சொல்லிவிட்டு அதைத் தூக்கிப்போய்க் குழாயடியில் வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ போன அன்றைக்கும் அப்படித்தான். இவன் எப்போது உடைவான் என்று ஆட்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கருவேப்பிலங்குறிச்சி டீக்கடைக்குச் சரக்கு அனுப்பினேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒன்று இருக்குமே, தொட்டால் நம்முடையது மாதிரியே இருக்காது, அப்படித்தான் இருக்கிறேன். குறையொன்றும் இல்லை. வியாபாரம் நடக்கிறது.

செல்வியை உனக்குத் தெரியாது. நீ உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து உன் வேலையைச் செய்கிறவள் அவள்தான். சூளையிலிருந்து வரும் கப்பைக் காதோரம் தூக்கிப்பிடித்து விரல் முட்டியால் ஒரு தட்டு. நல்ல கப் மணி மாதிரிப் பேசும். கீறல் விழுந்தது தொண்டை கட்டினவன் மாதிரிப் பேசும். விருத்தாசலத்தில் பீங்கான் விற்கிறவன், வாங்குகிறவன் எல்லோரும் செய்கிற காரியம்தான். நீதான் அதோடு விடமாட்டாய். தட்டிய கப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி, பத்து எண்ணி, கொட்டிவிட்டு, மறுபடி ஒரு தட்டு தட்டுவாய். முதல் தட்டில் மணியாகப் பேசிய கப் சில சமயம் இரண்டாவது தட்டில் ஊமையாகிப்போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் சூட்டில் வாயைத் திறந்திருக்கும்.

எனக்கு அது பிடிக்காது. நேரம் போகிறது என்று கத்துவேன்.

"ஏன் பாய், கப்ப விக்கறமா, இல்ல குளிப்பாட்டி சீவி ஸ்கூலுக்கு அனுப்பறமா?"

"சும்மா இருக்கிற வரைக்கும் எல்லா கப்பும் யோக்கியன்தான் மச்சான். சூடு உள்ள போனாத்தான் அவன் யாருன்னு தெரியும். டீக்கடைக்காரன் கையில விரிசல் வுட்டுச்சுன்னா, மிச்ச டீய உன் மூஞ்சியிலதான் ஊத்துவான்."

நீ இல்லாத நாட்களில் அவசரம் என்றால் முதல் தட்டோடு பெட்டி கட்டி அனுப்பிவிடுவேன். உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க மாட்டாய்.

எனக்கு அப்பன் வைத்துவிட்டுப் போன கடை கிடையாது. உனக்கும் கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் தேரோட்டத்துக்கு இரண்டு சாக்கு கப்பைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன நாளில் கண்டக்டர் சாக்குக்கும் டிக்கெட் கேட்டார். "உள்ள இருக்கறது பூரா சின்னப் புள்ளைங்க, அரை டிக்கெட் போடுங்க" என்றாய் நீ. அன்றைக்குத் தரையில் துணி விரித்து நான் கூவினேன், நீ தட்டிக் காட்டினாய். சாயங்காலம் வெறும் சாக்கோடு திரும்பினோம். அதிலிருந்து எல்லாவற்றிலும் பாதிப் பாதி. எழுதிக்கொண்டது கிடையாது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் உன்னை நம்பாமல் போனதற்குப் பாதிக் காரணம் நீயேதான். அந்தக் கடலூர் ஓட்டல்காரரை மறந்திருக்க மாட்டாய். விலையைப் பிழிந்துகொண்டே இருந்தார். நான் இறங்கி இறங்கித் தரைக்கே வந்துவிட்டேன். திடீரென்று நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கல்லா மேசையில் சரிந்தாய். நான் நிஜமாகவே அலறினேன். அவர் ஓடிப்போய் சோடா உடைத்தார், மெனு கார்டால் விசிறினார், "நீங்க சொன்ன ரேட்டே இருக்கட்டுங்க, மொதல்ல இவர கூட்டிட்டுப் போங்க, என் கடையில ஒண்ணும் ஆயிடக் கூடாது" என்று கும்பிட்டார். பஸ் கிளம்பின பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"பன்னீர் சோடா மச்சான். நல்லா ஜில்லுனு இருந்துச்சு."

உன்னை அடித்தேன். கண்டக்டர் வந்து விலக்கிவிட்டார். அதன் பிறகு அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னதும் நான்தான். பாய்க்கு வலி வந்தால் யாருக்கோ செலவு என்று ஒரு பேச்சையே உண்டாக்கினேன். அடுத்த வலி உனக்கு நிஜமாக வந்தபோது, அதைக் கேட்பதற்கு யாரையும் நான் மிச்சம் வைத்திருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் நன்றாகத்தான் இருப்பாய். பிறகு பேச்சு நிற்கும். பெட்டிக்குள் அடைக்கிற வைக்கோல் கட்டின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறச் சாய்வாய். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்புறம் எழுந்து வந்து, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கப்பை எடுப்பாய். நமக்கு லாரி வருவதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடுவது என் தொழில் புத்தி.

"என்ன பாய், லாரி ஹாரன் அடிச்சா உனக்கு வயித்தக் கலக்குதா?"

"வெளையாட்டு இல்ல மச்சான். உள்ள யாரோ ஈரத்துணிய முறுக்கிப் பிழியற மாதிரி இருக்குது."

"பிரியாணியக் கொறை. பீடிய வுடு."

பிரியாணியைக் குறைத்தாய். பீடியை விடவில்லை. டாக்டரிடம் போனோம். படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். மெத்தென்று இருந்தது. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புண் இல்லை. கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்ததும், "பாத்தியா, அத்தனையும் சுத்தம். நீ இன்னும் பன்னீர் சோடாவ மறக்கல" என்றேன். சிரித்தாய். பெட்டி அடிக்கிற ஆணியால் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டாய். அடுத்த மாதம் இன்னொன்று. நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "ஹீரோ ஆகப் போறியா?" என்று கேட்டேன்.

உன் தங்கச்சி மகள் கல்யாணத்தில் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாய். உன் ஊர் மங்கலம்பேட்டையே அந்தப் பந்தலில் இருந்தது, துபாயிலிருந்து வந்திருந்த உன் மச்சினன்மார் உட்பட. "பாய் டயட்டுல இருக்காரு, துபாய் போயி ஒட்டகம் ஏறுறதுக்கு எடை கொறைக்கறாரு" என்றேன் சத்தமாக. பந்தி முழுக்கச் சிரித்தது. கை கழுவப் போனபோது பார்த்தேன். பந்தலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு தண்ணீர் கேனில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தாய். நான் நிற்கவில்லை. பார்க்காத மாதிரிப் பந்தலுக்குத் திரும்பிவிட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நோன்பு மாதம்தான் என்னால் தாண்ட முடியாத இடம். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெயிலில் லாரிக்குப் பெட்டி தூக்கினாய். ஒரு நாள்கூட வைக்கோலில் சாயவில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்றால் அந்த மாதத்தில் அல்லவா படுத்திருக்க வேண்டும்? உன்னை யார் கேட்டிருப்பார்கள்? சாயங்காலம் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, இரண்டு வடை தின்ற பிறகுதான் அந்த முறுக்கல் வந்தது. வெறும் வயிற்றில் இல்லை, சாப்பிட்டால் வருகிறது. முப்பது நாள் என் கண் முன்னால் நடந்தது. ஒரு ரூபாய் விலை ஏறினால் மூன்று ஊர் தள்ளி மூக்கில் வியர்க்கிற எனக்கு இது உறைக்கவில்லை. "நாளெல்லாம் சிங்கம், வடையப் பாத்தா சீக்கு" என்று அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

பெருநாளன்று உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டம்மா என்னை அடுப்படிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எதுவும் சாப்புட மாட்டேங்குறாரு. தட்ட வச்சாலே பயப்புடுறாரு. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு பாருங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"தங்கச்சி, உன் வூட்டுக்காரரு எப்பேர்ப்பட்ட நடிகருன்னு உனக்குத் தெரியாதா? டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. செல்லம் குடுக்காத. உக்கார வச்சி ஊட்டு. காலையில சாப்புடாம வாசலத் தாண்ட வுடாத."

அவள் முகம் தெளிந்தது. இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் தான் சிரித்ததாகச் சொன்னாள். என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் காலை. நீ குடோன் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டே சொன்னாய்: "ஆறு இடியாப்பம் மச்சான். ஆட்டுக்கால் பாயா வேற. நிக்க வச்சி ஊட்டுறா. நீ சொன்னியாமே? நல்லா இருப்பே."

அரை மணி நேரத்தில் வந்தது. எப்போதும் போல இல்லை. வைக்கோலில் சாயவில்லை, பிரித்துப் போட்ட அட்டைகளின் மேல் விழுந்தாய். கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு உருண்டாய். சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்கு லாரி காலையிலேயே வந்து வாசலில் நின்றது, பாதி லோடு ஏறியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் சட்டையைத் தூக்கி, டாக்டர் செய்த மாதிரியே அமுக்கிப் பார்த்தேன். பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. அமுக்கினதில் உனக்கு வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளே வலிக்கிறது என்றால் அமுக்கினால் கத்த வேண்டாமா? எனக்குத் தெரிந்த சோதனை இன்னும் ஒன்றுதான். விரல் முட்டியால் உன் வயிற்றைத் தட்டினேன்.

"சத்தம் நல்லா இருக்குது பாய். கீறல் எதுவும் இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நீ சிரித்தாய். அந்த நிலையிலும் சிரித்தாய்.

"சுடுதண்ணி ஊத்திட்டுத் தட்டு மச்சான்."

நானும் சிரித்தேன். எழுந்துபோய் மீதி லோடை ஏற்றினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. லாரி போன பிறகு திரும்பி வந்தேன். நீ உருளுவதை நிறுத்தியிருந்தாய். வலி விட்டுவிட்டது என்று நினைத்தேன். உன் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது.

இங்கே பார்த்த டாக்டர் உடனே புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். குடலுக்கு ரத்தம் கொண்டு போகிற குழாய் நாளாவட்டத்தில் சுருங்கியிருக்கிறது, அன்றைக்கு அந்தச் சுருங்கின இடத்தில் ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டது என்றார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். அப்படியே மூடிவிட்டார்கள். குடல் கறுத்துப்போயிருந்தது. மறுநாள் காலை நீ இல்லை. இவ்வளவுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் புதுச்சேரியில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஒரு டாக்டரம்மாவுக்குப் பெயர் அச்சடித்த கப் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்துக் காட்டி ஒவ்வொன்றாகத் தட்டினேன். "எதுக்குங்க தட்டுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போது உன் கதையும் வந்துவிட்டது. சரக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவன் நான். அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"அம்மா, வயிறு மெத்துனு இருந்துச்சு. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. அப்ப அந்த வலி எங்கேருந்து வந்துச்சு?"

அவர் ஒரு கப்பைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரித்தான் சொன்னார்.

"டெங்கு வந்தா கொறையும்னு சொல்வாங்களே, பிளேட்லெட், அது ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்குள்ள செரட்டோனின்னு ஒரு பொருள் பொட்டலம் கட்டி வச்சிருக்கும். குடலுக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சா அந்தப் பொட்டலம் பிரியும். வெளிய வர்ற செரட்டோனின் குடல்ல இருக்கிற நரம்பு நுனியில போய் ஒட்டும். அதுக்குன்னே அங்க ஒரு பூட்டு இருக்கு. சாவி உள்ள போனதும் நரம்பு தண்டுவடத்துக்குக் கத்தும், இங்க ரத்தம் இல்ல, ரத்தம் இல்லன்னு."

"அது மனசு சந்தோஷத்துக்கான மருந்து இல்லீங்களா? பேப்பர்ல படிச்சேன்."

"மூளையில அதுக்கு வேற வேலை. உடம்புல இருக்கிற செரட்டோனின்ல பெரும்பகுதி வயித்துலதான் இருக்கு. மிருகங்களுக்கு அந்தப் பூட்ட மருந்து வச்சி அடைச்சிப் பாத்திருக்காங்க. ரத்தம் கொறைஞ்சாலும் நரம்பு அவ்வளவா கத்தல. செரட்டோனின் மட்டும்தான் காரணம்னு சொல்லல, கூட இன்னும் நாலஞ்சு பொருள் சேந்து கத்த வைக்கும். ஆனா இது ஒரு முக்கியமான ஆளு."

"சாப்பிட்டா மட்டும் ஏங்க?"

"சும்மா இருக்கும்போது குடலுக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். சுருங்கின குழாய் எப்படியோ ஒப்பேத்திடும். சாப்பாடு உள்ள போனா செரிக்கிறதுக்கு நெறைய ரத்தம் வேணும். அப்ப குழாயால குடுக்க முடியாது. அங்கதான் மாட்டிக்கும்."

நான் கையில் வைத்திருந்த கப்பைப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. தொடர்ந்து சொன்னார்: "ஆரம்பத்துல குடலோட உள்பக்கம்தான் கஷ்டப்படும். வயித்தோட உள்சுவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. அதனாலதான் அமுக்கினா மெத்துனு இருக்கும். ஆளு துடிப்பாரு, வயிறு அமைதியா இருக்கும். அந்த ரெண்டும் பொருந்தலன்னாதான் நாம பயப்படணும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். நரம்பு முதல்லயே சொல்லிடுதுங்க. குடல் சாகறதுக்கு முன்னாடியே."

"ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டு போயிருந்தா?"

உருட்டிக்கொண்டிருந்த கப்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "தெரியாதுங்க. சில பேருக்கு அது போதும். சில பேருக்குப் பத்தாது."

பொய் சொல்லித் தேற்றவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நீ தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த சோதனையைத்தான் உன் உடம்பு தினமும் மத்தியானம் செய்து காட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தட்டை நான் கேட்கவே இல்லை. நேரம் இல்லை என்றேன்.

இது தெரிந்த பிறகு உன் வீட்டம்மாவைப் பார்க்கப் போகவில்லை. மூன்று மாதம். வலி நிஜம் என்று சொல்லப் போனால், சாப்பாடுதான் வலியைக் கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு இடியாப்பத்தை அவள் தலையில் எப்படி வைப்பது? சொல்லாமல் விட்டால் நீ நடிகனாகவே அந்த வீட்டில் இருப்பாய். எந்தப் பக்கம் புரட்டினாலும் நஷ்டம். நான் நஷ்டத்தில் சரக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. இதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று கெட்டில் எரிந்ததும், எதற்கென்று தெரியவில்லை, அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மங்கலம்பேட்டைக்குப் போனபோது உன் வீட்டம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பிரித்துக் கெட்டிலை எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள்.

"இது அவரு மேல வர்ற வாடைண்ணே. சட்டையில எப்பவும் இந்த வாடைதான் அடிக்கும்."

உள்ளே உட்கார்ந்தேன். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்தவன், உனக்கே தெரியும். இன்றைக்கு அது வரவில்லை. டாக்டரம்மா சொன்னதை நேராகச் சொன்னேன். ரத்தம், பொட்டலம், பூட்டு, சாவி, நரம்பு. சாப்பாடு. நான் உன் வயிற்றைத் தட்டியது. லாரி. இரண்டு மணி நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"சாப்பாட்டுக்கு ரத்தம் பத்தாமத்தான் வலிச்சிருக்குன்னு. புதுச்சேரியில அந்த டாக்டரு அன்னைக்கே சொன்னாரு. நீங்க வெளிய போன் பேசிக்கிட்டு இருந்தீங்க. அன்னையிலேருந்து நான் இடியாப்பம் புழியறதில்ல. குழல அக்காகிட்ட குடுத்துட்டேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சாப்புட வச்சி அனுப்புன்னு சொன்னது நீங்கதானே. உங்ககிட்ட போயி இத எப்புடிச் சொல்றது? நீங்களும் தாங்கணுமில்ல."

ஒன்றரை வருடம் அவள் என்னிடமிருந்து எனக்காக மறைத்திருக்கிறாள். மூன்று மாதம் நான் அவளிடமிருந்து அவளுக்காக மறைத்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துச் சிரித்திருப்பாய்.

"தப்பு என்னுதும்மா" என்றேன். "நான் சொல்லலன்னா நீ ஊட்டியிருக்க மாட்ட."

"ஊட்டியிருப்பேண்ணே. எளச்சிப் போன மனுசன பட்டினியாவா அனுப்புவாங்க?" என்றாள். பிறகு, "அந்த நரம்பு விஷயந்தான் எனக்குத் தெரியாது. அப்ப அவரு ஒரு நாளும் நடிக்கல."

"ஒரு நாளும் இல்ல. கடலூர தவிர."

சிரித்தாள். உடனே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். எழுந்துபோய் டீ போட்டு எடுத்துவந்தாள். நம்முடைய பழைய கப், நீலப்பூ போட்டது. எனக்கு எதிரிலேயே அதில் சுடுதண்ணீர் ஊற்றி, அலசிக் கொட்டி, காதோரம் வைத்து ஒரு தட்டு தட்டினாள். அப்புறம்தான் டீயை ஊற்றினாள். உன் வீட்டில் இப்படித்தான் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. வலி நெசந்தான்னு அவருகிட்ட யாருண்ணே சொல்றது? கடைசி வரைக்கும் அத யாராச்சும் சொல்லணும்னுதானே பாத்துக்கிட்டு இருந்தாரு."

அதற்குத்தான் இதை எழுதுகிறேன், பாய். எழுதிப் பழக்கமில்லாதவன். மேற்கொண்டு எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. உன் வலி நிஜம். வைக்கோலில் சாய்ந்த ஒவ்வொரு மத்தியானமும் நிஜம். பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் கேனில் நெற்றியை முட்டினது நிஜம். உன் நரம்பு பொய் சொல்லவில்லை. அது நேரத்துக்குச் சொன்னது. காது என்னிடம்தான் இல்லை.

அழுகை வரும் என்று நினைத்து வண்டியை வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்து லோடைக் கவனித்தேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. போன மாதம் நம் லாரி டிரைவர் பாதி லோடில் மார்பைத் தடவிக்கொண்டு நின்றார். எப்போது வருகிறது, சாப்பிட்டாலா, படி ஏறினாலா, சும்மா இருக்கும்போதா என்று கேட்டேன். கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். தட்டவில்லை. லாரியை அப்படியே விட்டுவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈசிஜி, ரத்தம், எல்லாம் எடுத்தார்கள். வெறும் கேஸ். திரும்பும் வழியெல்லாம் திட்டினார். "ரெண்டு ஏப்பம் வுட்டா போற சமாச்சாரம். இதுக்குப் போயி ட்ரிப்ப கெடுத்துட்டீங்களே மொதலாளி." ட்ரிப் கெட்டது கெட்டதுதான். அடுத்த முறையும் கூட்டிக்கொண்டு போவேன்.

உன் கெட்டிலை உன் வீட்டம்மா வைத்துக்கொண்டாள். செல்வி இப்போதைக்கு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சுகிறாள். லாரி வாசலில் நிற்கிறது, டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்கிறார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தட்டோடு விட்டுவிடலாமா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

தட்டினாள். மணி மாதிரி இருந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு எண்ணுகிறாள். நானும் இங்கிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.